நிலாவைப் பார்க்க ஓர் அருங்காட்சியக மாலை: சீனர்களின் நடு இலையுதிர்கால விழா

செப்டம்பர் பிறந்தால் உலகின் பல ஊர்களில் கலை அருங்காட்சியகங்கள் ஓர் அறிவிப்பு வெளியிடும். சீன அறுவடை விழாவான நடு இலையுதிர்கால விழாவை முன்னிட்டு இன்ன தேதியில் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும், இசை உண்டு, விளக்குகள் உண்டு, தேநீரும் மூன்கேக் என்னும் நிலாப் பணியாரமும் உண்டு என்று இருக்கும். அதைப் பார்த்ததும் புதிதாகப் போகிறவருக்கு ஒரு கேள்வி வரும். அறுவடைக்கும் ஓவியக் கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

நெருக்கமான சம்பந்தம் இருக்கிறது. இந்த விழாவில் படையல் உண்டு, விருந்து உண்டு. ஆனால் எல்லாமே ஒரு செயலைச் சுற்றித்தான் நடக்கும்: வேண்டியவர்களோடு கூடி உட்கார்ந்து முழுநிலவைப் பார்ப்பது. அதே நிலவைச் சீனக் கலைஞர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டிலும் வெண்கலத்திலும் காகிதத்திலும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இந்த விழா நடக்கும்போது இரண்டு நிலாவும் ஒரே மாலையில் கிடைக்கின்றன. பலரும் நேராகத் தின்பண்ட வரிசைக்குப் போய்விட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் வருத்தம். அதற்கு முன் காட்சிக்கூடத்தில் ஓர் அரை மணி நேரம் செலவழித்தால் அந்த மாலை முழுமையாகும். அதற்கு வேண்டிய பின்னணியைத்தான் இங்கே சொல்கிறேன்.

எப்போது வருகிறது, ஏன் அப்போது

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள். அந்தக் கணக்கில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்று மாதங்களும் இலையுதிர்காலம். எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் நாள் அந்தப் பருவத்தின் நட்டநடுவில் விழுகிறது. மாதம் அமாவாசையில் தொடங்குவதால் பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டியே வரும். நம் கணக்குப்படி பெரும்பாலும் புரட்டாசிப் பௌர்ணமி, சில ஆண்டுகளில் ஆவணிக் கடைசி.

ஆங்கிலத் தேதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான் ஆகும், சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அதை ஈடுகட்ட 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்கு, வட இந்தியப் பஞ்சாங்கங்களில் வரும் அதிக மாதமும் இதே ஏற்பாடுதான். 2024இல் விழா செப்டம்பர் 17இல் வந்தது. 2025இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் விழா அக்டோபர் 6வரை தள்ளிப்போனது.

அறுவடைக்கும் இந்த நிலவுக்கும் உள்ள உறவு வானியல் சார்ந்தது. சாதாரணமாக நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். ஆனால் பகலும் இரவும் சமமாக இருக்கும் இலையுதிர்காலச் சமநாளை ஒட்டிய பௌர்ணமியின்போது, சீனாவின் வட பகுதி இருக்கும் அட்சரேகைகளில், அந்தத் தாமதம் அரை மணி அளவுக்குக் குறைந்துவிடும். அதாவது சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் பெரிய நிலா எழும். அதுவும் தொடர்ந்து சில நாட்களுக்கு அப்படியே எழும். கதிரறுப்பு முடியாத வயலில் வேலையைத் தொடர அந்த வெளிச்சம் போதும். விளைச்சல் கைக்கு வரும் வாரமும் வானம் தெளிந்து நிலா நீண்ட நேரம் நிற்கும் வாரமும் ஒன்றாக வந்தால் அதைக் கொண்டாடாமல் இருப்பார்களா?

அரசர்கள் வசந்தத்தில் சூரியனுக்கும் இலையுதிர்காலத்தில் நிலவுக்கும் பலியிட்டு வழிபடும் வழக்கம் மிகப் பழையது. மிங் அரச வம்சத்தின் காலத்தில், 1530இல், அந்தச் சடங்குக்கென்றே பெய்ஜிங் நகரின் மேற்கே நிலாப் பீடம் ஒன்றைக் கட்டினார்கள். இன்று அது பூங்காவாக இருக்கிறது. ஆனால் விழாவாக இது மக்கள் கைக்கு வந்தது அரண்மனைச் சடங்கு வழியாக அல்ல. அதற்கு வெகுமுன்பே, தாங் அரச வம்சத்தின் காலத்தில் (7–10ஆம் நூற்றாண்டு), கவிஞர்களும் அதிகாரிகளும் இரவெல்லாம் விழித்திருந்து நிலவை ரசிக்கும் பழக்கம் பரவியது. அடுத்து வந்த சோங் வம்சத்தின் காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு) அது எல்லாருக்குமான பண்டிகையாக நிலைத்துவிட்டது. அப்போதைய தலைநகரான கைஃபெங்கில் அன்றிரவு மதுக்கடைகளில் புது மது விற்றார்கள். மாதுளை, நண்டு என்று அந்தப் பருவத்துச் சரக்கெல்லாம் கடைக்கு வந்தது. பணக்காரர்கள் தங்கள் வீட்டு மாடங்களை அலங்கரித்தார்கள். மற்றவர்கள் நிலா நன்றாகத் தெரியும் மாடியிடத்தைப் பிடிக்க மதுக்கடைகளில் போட்டி போட்டார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு, முதல் மாதத்துப் பௌர்ணமியில் வருவது விளக்கு விழா. அது வேறு, இது வேறு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடு இலையுதிர்கால விழாவின்போதும் பிள்ளைகள் காகித விளக்கு ஏந்திப் போவதால் இதையே மூன்கேக் விழா என்றும் விளக்குத் திருவிழா என்றும் சொல்வார்கள். அங்கிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய விஷயம்தான். கொரியாவின் சூசோக், வியட்நாமின் பிள்ளைகள் விழா ஆகியவையும் இதே நாளில் வருவதால் அருங்காட்சியகங்கள் சில நேரம் எல்லாவற்றையும் ஒரே மாலையில் சேர்த்துவிடும்.

நிலவில் குடியிருப்பவர்கள்

காட்சிக்கூடத்துக்குள் போகுமுன் கதை தெரிந்திருக்க வேண்டும். கதை தெரியாவிட்டால் அங்கிருக்கும் பாதிப் பொருட்கள் வெறும் அலங்காரமாகத்தான் தெரியும்.

ஒரு காலத்தில் வானத்தில் பத்துச் சூரியன்கள் ஒன்றாக எழுந்தன. பயிர் கருகியது, ஆறு வற்றியது. ஹோ யீ என்ற வில்லாளி ஒன்பதைச் சுட்டு வீழ்த்தி ஒன்றை மட்டும் விட்டான். அவனுக்குச் சாவா மருந்து கிடைத்தது. அதை அவன் மனைவி சாங்-எ குடித்துவிட்டாள். ஏன் குடித்தாள் என்பதில்தான் கதைகள் பிரிகின்றன. பழைய வடிவத்தில் அவள் திருடிக் குடிக்கிறாள். தண்டனையாகத் தேரையாக மாறுகிறாள். பிற்கால வடிவத்தில் கணவன் இல்லாத நேரத்தில் மருந்தைக் கவர வந்த கெட்ட சீடனிடம் அது சிக்கக் கூடாது என்று தானே விழுங்குகிறாள். எப்படியானாலும் உடல் இலேசாகி மேலே மேலே மிதந்து நிலவில் போய்ச் சேர்கிறாள். கீழே நின்ற கணவன் அவளுக்குப் பிடித்த பழங்களை முற்றத்தில் வைத்து நிலவைப் பார்த்தபடி இருந்தான் என்றும், படையல் வழக்கம் அதிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பழைய தேரைக் கதைதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

சாங்-எக்குத் துணையாக அங்கே ஜேட் (பச்சைக்கல்) முயல் ஒன்று உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கிறது. ஊ காங் என்று ஒருவனும் உண்டு. நிலவிலுள்ள மரத்தை வெட்டும்படி தண்டனை பெற்றவன். கோடரி பட்ட இடம் உடனே மூடிக்கொள்வதால் அவன் வேலை முடிவதே இல்லை.

நமக்கும் நிலவில் முயல் தெரியும், வடை சுடும் பாட்டியும் தெரிவாள், அதனால் இந்தக் கறைகளுக்குக் கதை சொல்வது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. முயலின் தலை என்று பலரும் பார்க்கும் கருந்திட்டுக்கு வானியலாளர்கள் வைத்த பெயர் அமைதிக்கடல். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கியது அங்கேதான். இறங்கும் நாளன்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து செய்தி வாசித்தவர், சாங்-எ என்ற பெண்ணும் ஒரு பெரிய முயலும் அங்கே இருக்கிறார்களாம், கவனித்துப் பாருங்கள் என்று விண்வெளி வீரர்களிடம் சொன்னது பதிவில் இருக்கிறது. பின்னாளில் சீனா தன் நிலவுக் கலங்களுக்குச் சாங்-எ என்றும், 2013இல் இறக்கிய ஊர்திக்கு ஜேட் முயல் என்று பொருள்படும் யூட்டூ என்றும் பெயர் வைத்தது. நிலவின் மறுபக்கத்திலிருந்து முதன்முதலாக மண்ணை அள்ளி வந்தது 2024இல் சாங்-எ 6.

காட்சிக்கூடத்தில் எதைத் தேடுவது

சீனக் கலையில் நிலவுக்கு இருக்கும் பழமை எவ்வளவு என்று காட்டும் ஒரு பொருள் ஹூனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்தூய் என்ற இடத்தில் 1972இல் தோண்டியெடுத்த கல்லறையில், டாய் என்ற பகுதியின் சீமாட்டி எனப்படும் பெண்ணின் உள் சவப்பெட்டி மீது, இரண்டு மீட்டர் நீளமுள்ள பட்டு ஓவியம் ஒன்று விரித்திருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேல் வலது மூலையில் சிவப்புச் சூரியன், அதற்குள் காகம். இடது மூலையில் பிறை, அதன் மேல் ஒரு தேரை, ஒரு முயல். விழா என்று ஒன்று உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலவின் குடிகள் தயாராக இருந்தார்கள் என்பதற்கு இந்த ஓவியமே சாட்சி. தேரைக் கதைதான் முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

அந்தப் பட்டு ஓவியத்தை நம் ஊர் அருங்காட்சியகத்தில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தாங் காலத்து வெண்கலக் கண்ணாடி சீனச் சேகரிப்பு உள்ள பல இடங்களில் கிடைக்கும். அதைக் கட்டாயம் தேடுங்கள். அக்காலக் கண்ணாடி என்பது வட்டமான வெண்கலத் தகடு. முன்பக்கத்தை மெருகேற்றி முகம் பார்ப்பார்கள், பின்பக்கம்தான் சிற்ப வேலை. நடுவில் பட்டுக் கயிறு கோக்கத் துளையுள்ள ஒரு குமிழ் இருக்கும். நிலாக் கதையைச் சொல்லும் கண்ணாடிகளில் நடுவே ஒரு மரம் கிளை விரித்து நிற்கும். அந்தக் குமிழையே மரத்தண்டின் முண்டாக மாற்றியிருப்பார்கள். ஒரு பக்கம் ஆடை பறக்கச் சாங்-எ மிதப்பாள். மறுபக்கம் முயல் உலக்கை பிடித்திருக்கும். கீழே தேரை கால் பரப்பித் தாவும். கையில் பிடிக்கும் வட்டமே நிலா, அதன் பின்னால் நிலவின் ஊர். பெட்டிக்குள் வைத்திருக்கும் கண்ணாடியை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் புடைப்பு வேலை எழுந்து நிற்கும்.

அப்புறம் ஓவியங்கள். சீன மை ஓவியத்தில் நிலவுக்கு வெள்ளை வண்ணம் பூசுவது அரிது. நிலா இருக்க வேண்டிய வட்டத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி நீர்த்த மையை மெல்லப் பரப்புவார்கள். மேகமும் வானமும் ஒரு சாயை கருத்தவுடன், தொடப்படாத பட்டோ காகிதமோ நிலவாக ஒளிரும். மேகத்தைத் தீட்டி நிலவைத் தூக்கிக் காட்டுவது என்று இதற்குச் சீனத்தில் ஒரு சொலவடையே உண்டு. ஓவியத்துக்கு அருகில் போய் அந்த வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். கோடு போட்டு வரைந்திருக்காது. மை நின்ற இடம்தான் விளிம்பு.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு விசிறி ஓவியம் இந்த முறைக்கு மட்டுமல்ல, நிலவைப் பார்க்கும் மனநிலைக்கே பாடம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்குச் சோங் அரசவை ஓவியர் மா யுவான் வரைந்தது. அளவு ஒரு சாண் சதுரத்தைவிடச் சற்றுப் பெரிது. ஓர் அறிஞர் உட்கார்ந்திருக்கிறார், சற்றுத் தள்ளிப் பணியாளன். பாறையிலிருந்து கோணலாக நீளும் பிளம் கிளை ஒன்று அவர் பார்வையை மேலே நிலவுக்குக் கொண்டுபோகிறது. மரம், பாறை, ஆள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிட, மிச்சப் பட்டு முழுக்க வெறும் மங்கல். பிளம் பூப்பது குளிர்காலக் கடைசியில் என்பதால் இது நம் விழாவின் இரவு அல்ல. ஆனால் நிலவைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் படத்தை நான் கண்டதில்லை. நிலா அதில் மிகச் சிறியது. பார்க்கும் மனிதருக்கும் அதற்கும் இடையிலுள்ள வெளியைத்தான் ஓவியர் வரைந்திருக்கிறார்.

இந்த மாதிரிப் பட்டு ஓவியங்கள் இருக்கும் அறை மங்கலாக இருப்பதைப் பார்த்துச் சிலர் அலுத்துக்கொள்வார்கள். வெளிச்சம் பட்டால் பட்டு நொறுங்கும், நிறம் வெளுக்கும். அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் மங்கலாக விளக்கு வைப்பார்கள். சில மாதங்கள் காட்டிவிட்டு எடுத்துப் பெட்டியில் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். கண் பழக ஓரிரு நிமிடம் ஆகும், பொறுத்துப் பாருங்கள்.

நாட்டார் கலைப் பொருட்கள் இருந்தால் பெய்ஜிங்கின் களிமண் முயல்சாமியைத் தேடலாம். நீண்ட காது, மூன்று பிளவான உதடு, உடம்பில் போர்க்கவசம், புலி மேல் சவாரி. விழா நேரத்தில் சந்தையில் விற்கும் பொம்மை இது, சிறுவர்கள் வாங்கி வைத்துப் பெரியவர்களைப் போலவே பூசை செய்து விளையாடுவார்கள். பெரியவர்களின் பூசை முற்றத்தில் நடக்கும், நடத்துவது பெண்கள். ஆண்கள் நிலவை வணங்குவதில்லை, பெண்கள் அடுப்புச் சாமிக்குப் படைப்பதில்லை என்று அங்கே ஒரு வழக்கு. நிலாத் தெய்வத்தையும் முயலையும் அச்சடித்த காகிதத்தை நட்டு, அதன் முன் வட்டமான பழங்கள், வட்டமான பணியாரம், தாமரை இதழ் போல விளிம்பு வெட்டிய தர்பூசணி ஆகியவற்றை வைப்பார்கள். முயலுக்கென்று பச்சைச் சோயா மொச்சைக் கொத்து தனியாக. பூசை முடிந்ததும் காகிதத்தை எரித்துவிடுவார்கள். எரிப்பதற்கென்றே அச்சடித்தது என்பதால், அப்படி ஒரு தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் அது தப்பிப் பிழைத்த பொருள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாலை நிகழ்ச்சி எப்படி இருக்கும்

இடத்துக்கு இடம் மாறும், ஆனால் சில விஷயங்கள் பொது. காட்சிக்கூடத்துக்குள் தீச்சுடருக்கும் உணவுக்கும் அனுமதி இருக்காது. ஆகவே பிள்ளைகளின் விளக்குகளில் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு எரியும், தேநீரும் பலகாரமும் முன்கூடத்திலோ முற்றத்திலோ இருக்கும். குஜெங் என்ற நீண்ட தந்தி வாத்தியம், இரண்டே தந்தி கொண்ட அர்ஹூ, மடியில் நிறுத்தி மீட்டும் பிபா ஆகியவற்றில் ஒன்றாவது கேட்கலாம். தூரிகை எழுத்துக்கு ஒரு மேசை, காகிதம் வெட்டுவதற்கு ஒரு மேசை, சிங்க நடனம் என்று நிகழ்ச்சி நீளும்.

தூரிகை எழுத்து மேசையில் ஒரு கவிதை அடிக்கடி தென்படும். 1076ஆம் ஆண்டு இதே விழா இரவில், சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில் மிஜோ என்ற இடத்தில் அதிகாரியாக இருந்த சோங் காலக் கவிஞர் சூ ஷி, விடியவிடியக் குடித்துவிட்டு, பல ஆண்டுகளாகப் பார்க்காத தம்பியை நினைத்து எழுதியது. நிலவுக்குத் தேய்வும் வளர்வும் உண்டு, மனிதருக்குச் சேர்வும் பிரிவும் உண்டு என்று ஆறுதல் தேடிவிட்டு, எத்தனை தொலைவில் இருந்தாலும் இருவரும் இதே நிலவைப் பார்த்துக்கொண்டு நீடு வாழ்வோம் என்று முடிப்பார். இன்றும் இசையமைத்துப் பாடுகிறார்கள். குடும்பம் கூடும் விழா என்று இதைச் சொல்வதன் மறுபக்கம் இது. கூட முடியாதவர்களுக்கும் இந்த விழாவில் இடம் இருக்கிறது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வேறு நாட்டில் இருக்கும் சீனர்கள் இந்த மாலைகளுக்குத் தேடி வருவதில் அந்தக் கவிதைக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கட்டடமே விழாவுக்குப் பொருந்திவிடும் இடங்களும் உண்டு. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் 1981இல் திறந்த ஆஸ்டர் முற்றம், சூஜோ நகரத்தின் வலைஞர் தோட்டம் என்ற பழைய தோட்டத்தின் ஒரு பகுதியை மாதிரியாக வைத்து, சூஜோவிலிருந்தே கைவினைஞர்கள் வந்து அமைத்தது. உள்ளே நுழைவது முழுவட்டமான நிலா வாசல் வழியாக. நிலவு பார்ப்பதற்கென்றே ஒரு தாழ்வான மேடையும் அதில் உண்டு. சூஜோவின் மூலத் தோட்டத்தில் குளத்தின் ஓரம் ஒரு மண்டபம் இருக்கிறது. நிலா எழும்போது வானத்தில் ஒன்றும் நீரில் ஒன்றுமாகப் பார்க்கலாம். அதே சூஜோவின் புலிக்குன்றில் மிங் காலத்தில் இந்த விழா இரவில் ஊரே கூடிப் பாட்டுப் போட்டி நடத்தியது. ஆயிரம் பேர் ஒன்றாகப் பாடத் தொடங்கி, இரவு ஏற ஏற ஆட்கள் விலகி, கடைசியில் ஒருவர் குரல் மட்டும் நிற்க மற்றவர்கள் கேட்பார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூன்கேக் பற்றிக் கொஞ்சம்

பல ஊர்களில் கிடைப்பது கான்டன் வகை. சர்க்கரைப் பாகு, எண்ணெய், கொஞ்சம் சோடாக் கரைசல் போன்ற காரநீர் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் தாமரை விதை விழுதை வைத்து, நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவைப் புதைத்து, மர அச்சில் அழுத்தித் தட்டி எடுத்துச் சுடுவார்கள். நம் வீட்டுக் கொழுக்கட்டை அச்சைவிட ஆழமான, பூவும் எழுத்தும் செதுக்கிய அச்சு அது. சுட்டவுடன் சாப்பிட மாட்டார்கள். இரண்டு மூன்று நாள் வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலோட்டில் ஊறி, வறண்ட ஓடு மிருதுவாகிப் பளபளப்பு வரும். குறுக்கே வெட்டினால் தெரியும் மஞ்சள் வட்டம்தான் நிலா. இது மிகவும் கனமான பண்டம், ஒரு முழுக் கேக்கை ஒருவர் தின்பதில்லை. எட்டாக வெட்டி, சர்க்கரை போடாத தேநீரோடு ஆளுக்கு ஒரு துண்டு.

சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முட்டை வெளிப்படையாகத் தெரியும், ஆனால் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வகைகளும் உண்டு. சூஜோவில் சுடச்சுடப் பன்றி இறைச்சி வைத்ததே பிரபலம்.

மங்கோலியர் ஆட்சிக்கு எதிராகக் கேக்குக்குள் ரகசியச் சீட்டு வைத்துக் கலகம் செய்தார்கள் என்ற கதையை யாராவது மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அக்கால ஆவணம் எதுவும் அதற்கு இல்லை.

போகிறவர்களுக்கு

2026இல் விழா செப்டம்பர் 25, 2027இல் செப்டம்பர் 15. அருங்காட்சியகங்கள் வசதிக்காக முன்பின் வார இறுதியில் நடத்துவது உண்டு, தேதியைச் சரிபாருங்கள். சரியான நாளில் நடந்தால், சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே திறந்த இடம் எங்கே என்று கேட்டு அங்கே போய் நில்லுங்கள், முழுநிலா அப்போதுதான் எழும். கூடத்துக்குள் போவது அதற்கு முன்பானாலும் சரி, பின்பானாலும் சரி. நிலா ஓவியமோ கண்ணாடியோ இப்போது காட்சியில் இருக்கிறதா என்று வாசலில் உள்ள ஊழியரிடம் கேட்டுவிட்டால் தேடி அலைய வேண்டாம். சீன நண்பர்களைப் பார்த்தால் ‘ஜோங்ச்சியூ குவாய்லெ’ என்று வாழ்த்துங்கள்.